வீச்சு வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக் குண்டு வார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வலைக் கடையில் ஈயக் குண்டு கிலோ கணக்கில் கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டில் வார்க்க இரண்டு காரணம்தான் சரியானது. ஒன்று, ஒரு வலை முழுவதற்கும் ஒரே எடையில், நீங்கள் கேட்ட விட்டத்தில் குண்டு வேண்டும். மற்றது, கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய பழைய ஈயம் மூலையில் கிடக்கிறது. பத்துக் குண்டுக்காக இதில் இறங்க வேண்டாம். வீட்டில் தவழும் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தாலும் வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை எளிதுதான். உருக்கு, ஊற்று, ஆறவிடு, திற. கெடுவதெல்லாம் சூட்டில் கெடுகிறது. அச்சு எவ்வளவு சுட்டிருக்கிறது, ஈயம் எவ்வளவு சுட்டிருக்கிறது என்ற இரண்டையும் கண்ணால் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு நூறில் தொண்ணூற்றைந்து குண்டு சரியாக வரும்.

எந்த ஈயம்

தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கு ஓடுகிறது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். ஒரு கன சென்டிமீட்டர் 7.3 கிராம்தான் இருக்கும். விலையும் பல மடங்கு. நமக்கு வேண்டியது காரீயம். 327.5 டிகிரியில் உருகும், கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் கனக்கும். இனி இங்கே ஈயம் என்றால் காரீயம்தான்.

தூய காரீயம் மென்மையானது. நகத்தால் கீறினால் கோடு விழும். புதிதாக வெட்டிய இடம் வெள்ளிபோல மின்னி, சில நாளில் மங்கிச் சாம்பல் நிறமாகும். சிமெண்ட் தரையில் போட்டால் 'தொப்' என்று விழும். 'டிங்' என்று ஓசை வந்தால் ஆன்டிமனியோ வேறெதுவோ கலந்து கடினமான ஈயம். குண்டுக்கு அதுவும் ஆகும். ஆனால் தூண்டில் நரம்பில் வைத்து நசுக்கிப் பொருத்தும் பிளவுக் குண்டுக்கு மென்மையான ஈயம்தான் வேண்டும். கடின ஈயம் நசுங்காமல் வெடிக்கும்.

பழைய வலைக் குண்டு, கூரை மடிப்புகளில் போட்ட ஈயத் தகடு, பழைய நிலத்தடிக் கேபிளின் உறை, பழைய குழாய் ஆகியவை நல்ல மூலப்பொருள். கார் சக்கரத்தில் சமநிலைக்கு ஒட்டும் எடைக்கட்டிகளும் ஆகும். ஆனால் அவற்றில் இன்று பாதிக்குமேல் இரும்போ துத்தநாகமோ வரலாம். ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். ஈயம் வெண்ணெய்போல வெட்டுப்படும்; மற்றவை வழுக்கும்.

கார், இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் உடைக்கவே கூடாது. அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்றைய பேட்டரித் தகடுகளில் கால்சியமும், சிலவற்றில் ஆர்சனிக், ஆன்டிமனியும் கலந்திருக்கும். அவற்றை உருக்கி எடுத்த கசடில் ஈரம் பட்டால் ஆர்சின் போன்ற நச்சு வாயு கிளம்பும். அதற்கு மணம் சொல்லும்படி இருக்காது, மூச்சில் போனபிறகுதான் தெரியும். இந்தியாவில் 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொள்வதே புத்தி.

எத்தனை குண்டு, என்ன அளவு

துளையில்லாத உருண்டைக்குக் கணக்கு இது: 8 மி.மீ. விட்டம் 3 கிராம், 10 மி.மீ. 6 கிராம், 12 மி.மீ. 10.3 கிராம், 15 மி.மீ. 20 கிராம், 20 மி.மீ. 47.5 கிராம், 25 மி.மீ. 93 கிராம். விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் தேவைக்குமேல் பெரிய அச்சு செய்துவிடுகிறார்கள். 12 மி.மீ. உருண்டையில் நடுவே 3 மி.மீ. துளை போட்டால் ஏறக்குறைய 1 கிராம் குறைந்து 9.3 கிராம் நிற்கும்.

வீச்சு வலைக்கு ஒரு மீட்டர் ஆரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்பது கைக்கணக்கு. ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்துக்கு மேல்பக்கம், குளம் குட்டைக்குக் கீழ்பக்கம். 3 மீட்டர் ஆரமுள்ள வலைக்கு 5 கிலோ என்று வையுங்கள். 9.3 கிராம் குண்டு 538 வேண்டும். வலையின் சுற்றளவு 18.85 மீட்டர், ஆக, மூன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு குண்டு. சேதத்துக்கும் வாலுக்கும் சேர்த்து ஆறு கிலோ சுத்த ஈயம் கையில் இருக்கட்டும். வால் என்பது ஊற்றும் வாயில் உறைந்து நிற்கும் துண்டு. அது மறுபடி சட்டிக்கே போகும், வீணில்லை.

வெளிநாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அன்னங்கள் கல்லென்று நினைத்துக் குண்டை விழுங்கிச் செத்ததால், பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் குண்டுகளை விற்பது 1987 முதல் தடை. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டு 1997 முதல் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அச்சு

இணையத்தில் அதிகம் காட்டப்படுவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. கோலிக்குண்டைப் பாதி அமுக்கிப் பிளாஸ்டரை ஊற்றி, காயவைத்து, மேல்பாதியை ஊற்றி எடுத்தால் அழகான அச்சு வரும். அதனாலேயே ஆபத்து. பிளாஸ்டர் கெட்டியாகும்போது தண்ணீரைத் தன் படிகத்துக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறது. வெயிலில் ஒரு மாதம் வைத்து எலும்பாகக் காய்ந்த அச்சிலும் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான். 350 டிகிரி ஈயம் பட்டதும் அது ஆவியாகி, ஊற்றிய ஈயத்தை ஊற்றுவாய் வழியே முகத்துக்கே திருப்பி அனுப்பும். அடுப்பில் மெல்லமெல்லச் சுட்டு அந்தத் தண்ணீரையும் விரட்டலாம். விரட்டினால் அச்சு பொடியும். இதற்கு நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

மாக்கல் நல்லது. கல்சட்டி செய்கிற அதே கல். கத்தியாலும் துரப்பணத்தாலும் குடையலாம், சூட்டைத் தாங்கும். ஆனால் இரண்டு பாதியும் பொருந்தும்படி உருண்டையாகக் குடைவதற்குக் கை வேண்டும்.

ஐநூறு குண்டு வார்ப்பவருக்கு அலுமினிய அச்சுதான். மில்லிங் மெஷின் உள்ள பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்:

100 × 50 × 20 மி.மீ. அலுமினியக் கட்டை இரண்டு. இரண்டையும் சேர்த்துப் பிடித்து மூலைக்கு மூலை 6 மி.மீ. டோவல் பின் இரண்டு. ஒவ்வொரு முறையும் பாதிகள் அதே இடத்தில் உட்காருவதற்கு இதுதான் உயிர். உள்முகத்தில் 12 மி.மீ. பால் நோஸ் கட்டரால் (உருண்டை முனையுள்ள கட்டர்) 6 மி.மீ. ஆழத்தில் நான்கு குழி, மையத்துக்கு மையம் 22 மி.மீ. குழிகளின் மையம் வழியாக நீளவாக்கில், கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, துளைக்கம்பிக்கு (குண்டில் துளை விழவைக்கும் கம்பி) 1.5 மி.மீ. ஆழ அரைவட்டக் கால்வாய். ஒவ்வொரு குழிக்கும் மேலிருந்து ஊற்றுவாய். மேலே 8 மி.மீ. அகலம், குண்டைத் தொடும் இடத்தில் 4 மி.மீ.

ஊற்றுவாயின் கீழ்முனையை 3 மி.மீ.க்குக் குறைக்கக் கூடாது. ஈயம் உறையும்போது கன அளவில் மூன்றரை சதவீதம்போலச் சுருங்கும். அந்தக் குறையை ஈடுகட்ட மேலிருந்து திரவ ஈயம் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வாய் சிறுத்தால் அது முதலில் உறைந்து வழியை அடைத்துவிடும். குண்டுக்குள் பொந்து விழும்.

காற்று போக வழி: ஒவ்வொரு குழியிலிருந்தும் வெளி விளிம்புக்கு, கூர்மையான ஊசியால் மயிரிழைக் கோடு இரண்டு கீறுங்கள். காற்று போகும், ஈயம் போகாது. ஆழமாகக் கீறினால் ஈயமும் போய் மீசை முளைக்கும்.

துளைக்கம்பி 3 மி.மீ. நேரான இரும்புக் கம்பி, 140 மி.மீ. நீளம். ஒரு முனையை வளைத்துக் கொக்கியாக்கினால் இழுக்க வசதி. தூண்டில் குண்டுக்கு மெல்லிய துளை போதுமென்றால் சைக்கிள் ஸ்போக் கம்பி கச்சிதம். அது 2 மி.மீ. இருக்கும், அதற்குக் கால்வாயின் ஆழம் 1 மி.மீ. கம்பியை எண்ணெய் போகத் துடைத்து, 4பி, 6பி போன்ற மென்மையான பென்சிலால் சுற்றிலும் கறுக்கத் தேயுங்கள். பென்சிலில் இருப்பதைக் காரீயம் என்று சொல்கிறோமே தவிர அது கிராஃபைட். இங்கே நிஜக் காரீயம் கம்பியில் ஒட்டாமல் காப்பது அந்தப் போலிக் காரீயம்தான்.

குழிகளுக்கு சிமினி விளக்கின் புகை காட்டுங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு போதும். தார் பூசியதுபோலக் கறுக்கவைத்தால் குண்டின் மேல் சொரசொரப்பு வரும்.

மற்ற சாமான்கள்

சட்டி இரும்பாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும், அடி கனமாக, ஒரு லிட்டர் அளவில். அலுமினியச் சட்டி கூடாது. அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும் அதற்கு வெகுமுன்பே தளர்ந்துவிடும். அடி விட்டால் ஐந்து கிலோ ஈயம் அடுப்பில். பித்தளை, தகரம் பூசியவை, பற்றவைத்து ஒட்டிய கைப்பிடி எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் சட்டி நிறைய ஈயம் 11 கிலோ கனக்கும். பாதிக்குமேல் போகாதீர்கள், உருகிய பிறகு சட்டியைத் தூக்கவே தூக்காதீர்கள்.

அடுப்பு கேஸ் அடுப்பு, தாழ்வாக, அசையாமல். ஒரு கிலோ ஈயத்தை அறைச்சூட்டிலிருந்து உருக்க வேண்டிய வெப்பம், ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பம்தான், ஏறக்குறைய 60 கிலோஜூல். ஆகவே சிறு தீ போதும். விறகடுப்பில் தீயைக் குறைக்க முடியாது என்பதே அதன் குறை.

கட்டி ஊற்றி வைக்க இரும்புப் பணியாரக்கல் அருமையான அச்சு. ஒரு குழிக்குக் கால் கிலோ அளவில் வரும். நான்ஸ்டிக் பூச்சு உள்ளது கூடாது, அந்தச் சூட்டில் பூச்சே நச்சுப் புகையாகும். ஈயம் பட்ட சட்டி, கரண்டி, பணியாரக்கல் எதுவும் இனி சமையலறைப் பக்கம் போகக் கூடாது. கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து, நடுவில் ஓர் ஓட்டையும் போட்டுவிட்டால் யாரும் தெரியாமல் எடுக்க மாட்டார்கள். ஓட்டை போடுவது எல்லாம் முடிந்து தூக்கிப்போடும் நாளில்.

கூடவே: மூக்கு உள்ள சிறு இரும்புக் கரண்டி, நீளக் கைப்பிடியோடு; கசடு வழிக்கத் துளைக்கரண்டி; இடுக்கி; சி-கிளாம்ப் இரண்டு; கிராம் காட்டும் தராசு; 500 டிகிரி வரை காட்டும் தெர்மோமீட்டர் கிடைத்தால் நல்லது.

உடலுக்கு: முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், மூடிய தோல் ஷூ, தோல் கையுறை, முகம் முழுதும் மறைக்கும் கவசம். பாலியஸ்டர் துணி ஈயம் தெறித்தால் உருகித் தோலோடு ஒட்டும். பேன்டின் கால்பகுதி ஷூவுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே சொருகினால் சொட்டிய ஈயம் ஷூவுக்குள் போய் உட்காரும். செருப்பும் லுங்கியுமாக ஈயம் ஊற்றுபவரைப் பார்த்தால் தள்ளி நில்லுங்கள்.

தண்ணீர்

இதற்கு மட்டும் தனித் தலைப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். உருகிய ஈயத்தின் மேல் சொட்டு விழுந்தால் சீறிவிட்டுப் போகும்; ஈயத்துக்கு *அடியில்* போனால் சட்டியே காலியாகும். அடியில் எப்படிப் போகும்? நனைந்த கரண்டி வழியாக. ஈரமான ஈயத்துண்டு வழியாக. இரண்டு முனையும் நசுங்கிய பழைய குழாய்க்குள் பல வருடமாகத் தேங்கிய தண்ணீர் வழியாக. பழைய வலையில் மணலோடு சேர்ந்து கிடந்த குண்டுத் துளை வழியாக.

அதனால் மூன்று விதி. முதல் ஈயம் சட்டியில் குளிர்ந்திருக்கும்போதே போடப்பட வேண்டும், சூட்டோடு சேர்ந்து ஈரம் போய்விடும். பிறகு சேர்க்கும் எதுவும் சட்டி விளிம்பில் சில நிமிடம் சுட்டபின், இடுக்கியால் பக்கவாட்டில் மெல்ல இறக்கப்பட வேண்டும். ஈயத்தைத் தொடும் எந்தக் கருவியும், கரண்டி, அச்சு, கிளறும் குச்சி எல்லாமே, முதலில் தீயில் சுட்டிருக்க வேண்டும்.

இடம் திறந்தவெளியில், ஆனால் மேலே கூரையோடு. மாமரத்தடி நிழல் சுகமாகத்தான் இருக்கும். இலையிலிருந்து சொட்டுவது சுகமில்லை. நெற்றி வியர்வைக்குத் துணிப்பட்டை கட்டுங்கள். கீழே காய்ந்த மணல் பரப்பி, அடுப்பை அதன்மேல் வையுங்கள். சிமெண்ட் தரையில் ஈயம் சிந்தினால் அதிலுள்ள ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும். தீப்புண்ணுக்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டும்தான். பத்தடி தள்ளி வையுங்கள்.

முதல் நாள்: சுத்தம் செய்து கட்டி ஊற்றுதல்

சுத்தம் செய்வதையும் குண்டு வார்ப்பதையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். அழுக்கு ஈயத்தில் வார்த்தால் கசடு குண்டுக்குள் போகும்.

1. காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். சட்டியில் மூன்று கிலோ பழைய ஈயம் போட்டு, மிதமான தீ வையுங்கள். முதலில் எண்ணெய், நூல், பெயின்ட் எரிந்து புகையும். அந்தப் புகையைத் தவிர்த்து விலகியே இருங்கள்.

2. உருகியதும் தெர்மோமீட்டர் 360 முதல் 400-க்குள் காட்டட்டும். துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும். தப்பித்தவறி ஒரு துத்தநாகக் கட்டி வந்திருந்தால் இந்தச் சூட்டில் உருகாமல் மேலே மிதக்கும், எடுத்துப் போட்டுவிடலாம். சூட்டை ஏற்றிவிட்டால் அது கரைந்து, ஈயம் கேழ்வரகுக் கூழ்போலத் திரளும். அந்த ஈயம் அச்சின் மூலைகளுக்குப் போகாது. திருத்துவதும் கஷ்டம், எடைக்குப் போட வேண்டியதுதான்.

3. மேலே சாம்பல் நிறத்தில் படர்ந்திருப்பதில் பாதி நல்ல ஈயம்தான், ஆக்சைடாக மாறியிருக்கிறது. அப்படியே வழித்து எறியாதீர்கள். சுண்டைக்காய் அளவு மெழுகைப் போடுங்கள். புகை கிளம்பும், நீளத் தீக்குச்சியால் பற்றவையுங்கள், மஞ்சள் தீயாக எரிந்து புகை குறையும். எரியும்போதே, சுட்ட கரண்டியால் அடியிலிருந்து மேல்வரை, ஓரங்களைச் சுரண்டி, ஒரு நிமிடம் கிளறுங்கள். மெழுகின் கரி ஆக்சைடை மறுபடி ஈயமாக்கும். மீதி அழுக்கு கறுத்த பொடியாக மேலே நிற்கும்.

4. அந்தப் பொடியைத் துளைக்கரண்டியால் மெல்ல அள்ளி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். வேகமாக அள்ளிக் கொட்டினால் தூசி பறக்கும். இந்த முழு வேலையிலும் உடம்புக்குப் போகும் ஈயத்தில் பெரும்பங்கு இந்தப் பொடி வழியாகத்தான்.

5. கண்ணாடிபோல மேற்பரப்பு தெரியும்வரை இரண்டு முறை இப்படிச் செய்யலாம். பிறகு சுட்ட பணியாரக்கல்லில் ஊற்றுங்கள். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் கட்டி விழும்.

சட்டியில் மீதி ஈயத்தை உறையவிடாதீர்கள். அடுத்தமுறை அடி முதலில் உருகி விரியும். மேலே உறைந்த மூடி தடுக்கும். இடுக்கு கிடைத்த இடத்தில் பீய்ச்சும்.

இரண்டாம் நாள்: வார்ப்பு

கட்டிகளைச் சட்டியில் போட்டு உருகவிட்டு, 380 முதல் 420 டிகிரிக்குள் வையுங்கள். தெர்மோமீட்டர் இல்லையென்றால் மேற்பரப்பைப் பாருங்கள். கசடு வழித்தவுடன் வெள்ளியாக மின்னிப் பிறகு மெல்ல மங்கினால் சரியான சூடு. வழித்த சில நொடிகளிலேயே பொன்னிறம், நீலம், ஊதா என்று மயில்கழுத்து நிறங்கள் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, தீயைக் குறையுங்கள். 500 டிகிரியைத் தாண்டினால் ஈய ஆவியும் கணிசமாகக் கிளம்பத் தொடங்கும். சட்டியின் அடி சிவக்கும்வரை விடுவது மடத்தனம்.

அச்சை மூடி, கிளாம்ப் போட்டு, அடுப்பின் ஓரத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். அச்சு 150 முதல் 200 டிகிரிக்குள் வர வேண்டும். கரண்டியும் சட்டிக்குள்ளேயே கிடந்து சுடட்டும்.

இனி ஊற்றுவது. கரண்டியில் அரைக்கரண்டி மொள்ளுங்கள். மூக்கை ஊற்றுவாய்க்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பிடித்து, நடுங்காமல், நிறுத்தாமல், ஒரே ஒழுக்காக ஊற்றுங்கள். குழி நிறைந்து, ஊற்றுவாயும் நிறைந்து, மேலே சிறு மேடாக நிற்க வேண்டும். கஞ்சத்தனம் பார்த்தால் சுருக்கத்துக்கு ஈயம் போதாது. அடுத்த வாய், அடுத்த வாய் என்று நான்கும் முடிந்ததும் அந்த மேட்டை மட்டும் பாருங்கள். முதலில் பாதரசம்போலப் பளபளக்கும். நான்கைந்து நொடியில் நடுவில் ஒரு சிறு குழி விழும்; கீழே குண்டு சுருங்கி ஈயத்தை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். அதன்பின் பளபளப்பு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்து ஒரு கணத்தில் முழுதும் சாம்பலாகும். அங்கிருந்து ஐந்து எண்ணி, கிளாம்பைத் தளர்த்துங்கள்.

அச்சைத் திறந்தால் நான்கு குண்டும் மணி கோத்தாற்போல் கம்பியோடு வரும். சூடு இருக்கும்போதே, கையுறையோடு இடுக்கியால் ஒவ்வொரு குண்டையும் பிடித்து முதலில் *திருகி*, பிறகு இழுங்கள். ஆறவிட்டால் ஈயம் இரும்பைவிட அதிகம் சுருங்குவதால் கம்பியை இறுக்கிக்கொள்ளும். காய்ந்த சாக்கின்மேல் போடுங்கள், தண்ணீரில் போடக் கூடாது. உடனே கம்பியை வைத்து, அச்சை மூடி, அடுத்த ஊற்று. இருபது ஊற்றுக்கு ஒருமுறை கம்பிக்குப் பென்சில், குழிகளுக்குப் புகை.

முதல் ஐந்தாறு ஊற்றில் குண்டு சுருக்கம் விழுந்துதான் வரும். கவலைப்படாமல் சட்டிக்குத் திருப்புங்கள், அவை அச்சைச் சுடவைக்கும் ஊற்றுகள். கை பழகியபின் ஓர் ஊற்றுக்கு நாற்பது நொடி என்று வைத்தால் 538 குண்டு ஒன்றரை மணி நேர வேலை. நடுவில் பேச நின்றால் அச்சு ஆறிவிடும், மறுபடி நான்கு ஊற்று வீண்.

குண்டைப் பார்த்து நோயைச் சொல்வது

மேலே தோல் சுருங்கியதுபோல வரிகள், பாதி மட்டுமே நிறைந்த குண்டு: அச்சு குளிர்ச்சி. அச்சு சுட்டபிறகும் சுருக்கம் ஒரே குழியில் மட்டும் தொடர்ந்தால் அந்தக் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்கக் காயவைத்துச் சுட்டு, மறுபடி புகை காட்டுங்கள்.

பனி படர்ந்ததுபோல மங்கிய, மணல்மணலான மேற்பரப்பு: அச்சு மிஞ்சிச் சுட்டுவிட்டது. எடை சரியாக இருந்தால் குண்டு நல்லதுதான், தள்ள வேண்டாம். இரண்டு நிமிடம் அச்சைத் திறந்துவைத்தால் சரியாகும். வால் மங்க பதினைந்து நொடிக்குமேல் எடுத்துக்கொண்டாலும் இதே பொருள்.

நடுக்கோட்டில் தாள்போல மீசை: பாதிகள் முழுதாக மூடவில்லை. பெரும்பாலும் இடையில் ஒரு கடுகளவு ஈயத் துளி ஒட்டியிருக்கும். இரும்பால் சுரண்டினால் அலுமினியம் கீறும். மூங்கில் குச்சியால் எடுங்கள்.

வெளியே அழகாக இருந்தும் எடை குறைகிறது: உள்ளே பொந்து. பத்துக் குண்டுக்கு ஒன்றைத் தராசில் வையுங்கள். 9.3 கிராம் வர வேண்டியது 9-க்குக் கீழே போனால் அந்த வரிசையையே எடை பாருங்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மேடு வைக்காமல் ஊற்றியது, ஊற்றுவாய் சிறியது, ஈயம் குளிர்ந்தது. 12 மி.மீ. குழியில் வார்த்த குண்டு ஆறியபின் 11.9 மி.மீ. காட்டுவது மட்டும் இயல்பு.

துளை ஓரமாகப் போயிருந்தால் கம்பி வளைந்திருக்கிறது. கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள், தள்ளாடினால் மாற்றுங்கள்.

சீவுதல், கோத்தல்

வாலைக் கட்டிங் பிளேயரால் குண்டோடு ஒட்ட வெட்டி, மீதியைக் கத்தியால் சீவுங்கள். அரம், உப்புத்தாள் வேண்டாம். பொடி பறந்து வீடெங்கும் போகும். துளையின் இரு வாயிலும் 5 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி விளிம்பை மழுக்குங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்களின் நரம்பு, குண்டு இருக்கும் இடத்தில்தான் அறுகிறது.

தூண்டில் குண்டுகளுக்கு இரண்டு கை எனாமல் பெயின்டோ வார்னிஷோ கொடுத்தால் கையில் கறுப்பு ஒட்டாது. வலைக் குண்டில் பூச்சு நிற்காது, மணலில் இழுபட்டு ஒரே வாரத்தில் போய்விடும்.

பிளவுக் குண்டைப் பல்லால் கடித்து மூடும் பழக்கம் கரையோரம் எங்கும் இருக்கிறது. அது வேண்டாம். சிறு பிளேயர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தபின்

ஈயம் வயிற்றுக்குப் போவது பெரும்பாலும் கையிலிருந்து. பீடி, வெற்றிலை, டீ எதுவும் வேலை நடக்கும் இடத்தில் கூடாது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். கைக்குட்டை கட்டுவதால் பயனில்லை. கசடு அள்ளும்போதாவது என்-95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசம் போடுங்கள்.

எல்லாம் முழுதாக ஆறியபின், அதுவரை தண்ணீரைத் திறக்கவே வேண்டாம், மேசையையும் கருவிகளையும் ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. துணி, கையுறை, சிந்திய மணல் எல்லாம் கசடு டப்பாவோடு ஒரு பையில். கசடைக் குப்பையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், சேர்த்துவைத்து, உரிமம் உள்ள ஈய மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். உடுத்திய துணியை வாசலிலேயே மாற்றி, தனியாகத் துவையுங்கள். கை, முகம், நகக்கண் சோப்புப் போட்டுக் கழுவி, குளித்தபிறகே பிள்ளைகளைத் தூக்க வேண்டும்.

தோலில் ஈயம் தெறித்து ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் தெறித்தால் கழுவிக்கொண்டே போக வேண்டும், காத்திருக்கக் கூடாது. மாதம் ஒருமுறைக்குமேல் வார்ப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கலாம். பெரிய ஆய்வகங்கள் செய்கின்றன.

அச்சை எண்ணெய் தடவாமல், கடைசி ஊற்றின் குண்டுகளைக் குழியிலேயே விட்டு மூடி, காகிதத்தில் சுற்றி வையுங்கள். குழிக்குள் பூச்சி கூடு கட்டாது, விளிம்பும் அடிபடாது.